தொட்டி இருந்த இடம்

திருஞானசம்பந்தம் தன் வாழ்நாளில் எத்தனை பட்டுப் புடவை நெய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அவை யார் யார் பீரோவிலோ மடிந்து கிடக்கின்றன. நெய்தவர் பெயர் எதிலும் இல்லை. ஆனால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவர் தெருவுக்குப் போய் யாரைக் கேட்டாலும் அவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்வார்கள். ஒரு குப்பைத் தொட்டியோடு கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்டு, தலை நரைத்த பிறகு ஜெயித்தவர் அவர். ஜெயித்த பிறகுதான் அவருக்குக் கஷ்டம் ஆரம்பித்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்லும்போது சிரிப்பார்கள்.

அவர் வீட்டுக்கு எதிரே, எப்போதோ மூடிப்போன அரிசி மண்டி ஒன்றின் பின்சுவர் இருக்கிறது. சுவரை ஒட்டி ஒரு கல்தூண். அந்தத் தூணுக்கு ஒரு வேலை உண்டு. தறியில் ஏற்றப்போகும் நீளவாட்டு இழைகளைப் பாவு என்பார்கள். அந்தப் பாவைக் காலை வெயிலில் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவி, காயவிட வேண்டும். அப்படிச் செய்யாத பட்டு, தறியில் பிசிறிட்டு அறுந்துபோகும். முன்பெல்லாம் தெரு முழுக்க எங்கு வேண்டுமானாலும் பாவு நீட்டலாம். பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தபோது தெருவுக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு மூடிகள் எழும்பிவிட்டன. சாக்கடைதான் பாதாளத்தில், மூடி பூலோகத்தில். மிச்ச இடத்தில் கார்களும் ஸ்கூட்டர்களும் நிற்கின்றன. கடைசி மூடிக்கும் அந்தக் கல்தூணுக்கும் நடுவில் மட்டும்தான் நேரான, சமமான இடம் பாக்கி. அந்தத் தூணடியைப் பார்த்துத்தான் நகராட்சி ஆதியிலேயே குப்பைத் தொட்டியை வைத்திருந்தது.

முதலில் வந்தது கிணற்று உறை மாதிரி ஒரு சிமெண்ட் வளையம். அடியும் கிடையாது, மூடியும் கிடையாது. ஊர் சுத்தமாக வேண்டும் என்ற ஆசையை ஒரு வட்டமாக வார்த்து வைத்ததுபோல இருக்கும். குப்பை அதற்கு உள்ளேயும் வெளியேயும் பாரபட்சமில்லாமல் கிடந்தது. புது மாப்பிள்ளையாக இருந்த சம்பந்தம் தன் முதல் மனுவை எழுதினார். தொட்டியை அகற்ற வேண்டும், அது நெசவுக்கு இடைஞ்சல். மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த அந்தப் பதிலை அவர் மனைவி ஏலவார்குழலி படித்துவிட்டு, "பரிசீலனைன்னா இன்னாங்க?" என்று கேட்டாள்.

"யோசிச்சிக்கினு இருக்காங்கன்னு அர்த்தம்."

"தொட்டியத் தூக்கறதுக்கு யோசிக்கணுமா? நாலு பேர் வேணும், அவ்வளவுதான."

தெருவின் மறுகோடியில் இருந்த உமாபதி குடும்பத்தோடு திருப்பதிக்குப் போயிருந்த சமயத்தில் பரிசீலனை முடிந்தது. மொட்டைத் தலையோடு திரும்பி வந்த உமாபதி, தன் வாசலில் சிமெண்ட் வளையத்தைக் கண்டார். அவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான். அவருடைய மனு பரிசீலனை முடிந்து பலித்த சமயத்தில் சம்பந்தம் குடல்வால் ஆபரேஷனுக்காகச் சென்னையில் படுத்திருந்தார். இப்படி அந்தத் தொட்டி மேற்கே சில வருஷம், கிழக்கே சில வருஷம் என்று எழுந்தருளிக்கொண்டே இருந்தது. சிமெண்ட் உடைந்து இரும்புத் தொட்டி ஆயிற்று. இரும்புத் தொட்டிக்குச் சக்கரம் வந்தது. சக்கரம் வந்த மறுமாதம் அது காணாமல் போயிற்று. நகர நிர்வாகம் ஒவ்வொரு முறையும் தொட்டியைத்தான் மாற்றியது. தொட்டிக்கும் குப்பைக்கும் உள்ள உறவைப் பற்றி அது யோசித்ததாகத் தெரியவில்லை. அது தத்துவ விசாரம். அலுவலக நேரத்தில் செய்ய முடியாது.

நடுவில் ஒரு தடவை யாரோ பெரிய மனிதர் கோயிலுக்கு வருகிறார் என்று ஊர் முழுக்கத் தெருவின் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரைக் கோடு போட்டுக்கொண்டு போனார்கள். நோய்க் கிருமிகள் அந்தக் கோட்டைத் தாண்டாது என்பது ஐதீகம். பெரிய மனிதர் பிள்ளையார்பாளையம் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. காற்று மட்டும் வந்தது. கோட்டைக் கிளப்பிக்கொண்டு போய், நீட்டியிருந்த சம்பந்தத்தின் அரக்குப் பாவு மேல் தூவிவிட்டுப் போயிற்று. ஈரப் பட்டில் அம்மை போட்டதுபோல வெள்ளைப் பொட்டுகள். சம்பந்தம் மனு எழுதினார். பவுடர் விதிமுறைப்படியே தூவப்பட்டது என்று பதில் வந்தது. காற்று வீசியதற்கு விதிமுறை இருந்ததா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அந்தத் தெருவைக் கூட்டுகிறவர் வடிவு. அவருடைய மாமியார் காலத்தில் அது மலம் அள்ளும் வேலை, வீடுகளின் பின்சந்தில் நடந்தது. கையில் வாளியும் தகரமுமாக வந்து, யார் கண்ணிலும் படாமல் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே அந்தச் சந்தை விட்டு வைத்திருந்தார்கள். பின்னர் அந்த வேலையைச் சட்டம் தடை செய்தது. சந்தை யாரும் தடை செய்யவில்லை. அது இன்னும் இருக்கிறது, ஏசி மிஷின்களின் தண்ணீர் சொட்டிக்கொண்டு. வடிவு சேர்ந்தபோது அவர் துப்புரவுப் பணியாளர். பிறகு அந்தப் பெயரில் மரியாதை போதவில்லை என்று தூய்மைப் பணியாளர் ஆக்கினார்கள். பெயர் மாறிய அன்று அவருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். துடைப்பம் அதேதான். அந்தத் தெருவில் வேலையை வேலையாகச் செய்த ஒரே ஆள் அவர் என்று சொல்லலாம். அதற்கு மேல் அவரைப் புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது.

பின்னர் நகராட்சி மாநகராட்சி ஆயிற்று. ஊர் வளர்ந்தது, விதிகள் அதைவிட வேகமாக வளர்ந்தன. வீட்டுக்கு வீடு பச்சை வாளியும் நீல வாளியும் வந்தன. பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. குழலி பச்சை வாளியில் அரிசி கொட்டி வைத்தாள், நல்ல கெட்டி வாளி என்று. நீல வாளி பாவுக்குப் போடும் கஞ்சிக்கு ஆயிற்று. தெரு முழுக்க அப்படித்தான். தரம் பிரித்தல் என்ற கொள்கையை அந்தத் தெரு முழுமனதாக ஏற்றுக்கொண்டது: வாளியை ஒரு பக்கமும் குப்பையை ஒரு பக்கமுமாகப் பிரித்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த விதிதான் சம்பந்தத்தின் வாழ்க்கையில் விடிந்த விதி. குப்பைத் தொட்டி இல்லா மாநகராட்சி. தொட்டி இருப்பதால்தானே குப்பை சேருகிறது, தொட்டியை எடுத்துவிட்டால் குப்பை இருக்காது என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பதுபோல இது சுலபமான வைத்தியம். கடைசித் தொட்டியை லாரியில் ஏற்றிய அன்று சம்பந்தம் தூணடியில் தேங்காய் உடைத்தார். இனி பாட்டுப் பாடிக்கொண்டு பேட்டரி வண்டி வாசலுக்கு வரும், அதில் குப்பையைக் கொடுத்துவிட வேண்டும் என்று சுகாதார ஆய்வாளர் பிரேம்நாத் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். பிரேம்நாத் இளைஞர், நல்லவர், எதையும் செல்போனில் படம் எடுப்பவர்.

வண்டி வந்தது, பாவு நீட்டும் நேரத்தில். தெருவின் குறுக்கே பட்டு இழுத்துக் கட்டியிருக்கும்போது வண்டி எப்படி நுழையும்? நுழையாத வண்டிக்குக் குப்பையை எப்படிக் கொடுப்பது? தெரு யோசித்தது. எல்லாரும் அவரவராகத் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். சில நாளில் தூணடியில், தொட்டி இருந்த அதே வட்டத்தில், குப்பை குவிந்திருந்தது. தொட்டி இருந்தபோதாவது கொஞ்சம் உள்ளே விழும்.

பிரேம்நாத் வந்து 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று பலகை வைத்தார். எங்கே கொட்டுவது என்று தெரியாதவர்களுக்கும் அது வழி காட்டியது. கண்காணிப்புக் கேமரா இருப்பதாக இன்னொரு பலகை வைத்தார். கேமராவைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் அந்த வருஷத்து முறை சம்பந்தத்துக்கு வந்தது. பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்துக்கு அம்பாளுக்கு ஒரு கூறைப் புடவை நெய்து கொடுப்பது அவர் தெரு வழக்கம். தறி உள்ள வீடுகள் முறை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு வீடாக நெய்யும். அவருடைய அப்பா நெய்திருக்கிறார். சம்பந்தத்தின் முறை ஊரடங்கு வருஷத்தில் வந்து, கோயிலே பூட்டிக் கிடந்ததால் வீணாகிவிட்டது. நாலைந்து வீட்டில் தறி போய் ஸ்டேட் வங்கிக்கும் கார் கம்பெனிக்கும் ஆட்கள் போய்விட்டதால் முறை சீக்கிரமே திரும்பி வந்தது. அந்தப் பாவை நெய்கிறவர் வீட்டெதிரில், சொந்தத் தெருவில்தான் நீட்ட வேண்டும். தரையைக் கழுவிக் கோலம் போட்டு, ஒருவரும் தாண்டாமல், ஒரே காலையில் முடிக்க வேண்டும். தவறினால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். முறையில் அடுத்தது உமாபதி வீடு.

இதைத் தவிர்ப்பதற்கு உயிரை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று சம்பந்தம் நினைத்தார். உயிர் தேவைப்படவில்லை, ஒரு டைல்ஸ் போதும் என்று அவருக்குத் தோன்றியது. பிள்ளையார் படம் போட்ட டைல்ஸ் ஒன்றை வாங்கிவந்து, தூணுக்குப் பக்கத்துச் சுவரில் தன் கையாலேயே சிமெண்ட் வைத்துப் பதித்தார். சாமி இருக்கும் இடத்தில் எவனும் குப்பை கொட்ட மாட்டான். தமிழ்நாட்டில் மனிதனால் காக்க முடியாத சுவர்களை எல்லாம் கடவுள்கள்தான் காவல் காக்கிறார்கள். சம்பளம் வாங்காத வாட்ச்மேன்கள்.

மறுநாளே குப்பை நின்றது. பிரேம்நாத் வந்து படம் எடுத்தார். 'மக்கள் பங்களிப்புடன் தூய்மையாக்கப்பட்ட இடம்' என்று மேலிடத்துக்கு அனுப்பினார். வடிவு மட்டும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்.

"இன்னாம்மா பாக்கற? சுத்தமா இருக்குது இல்ல?" என்றார் சம்பந்தம்.

"இருக்குதுண்ணா. ஆனா அந்தக் குப்பை எங்க போச்சு?"

"எங்கியோ போச்சு. நமக்கு இன்னா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த தெருவுக்குப் போச்சு. அதுவும் நான்தான கூட்டணும்."

பிள்ளையாருக்கு யாரோ சாமந்தி வைத்தார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். சம்பந்தத்துக்குப் பெருமையாகவே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை டைல்ஸுக்குக் கீழே ஒரு பழைய முருகன் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடி விரிசல். அண்ணனுக்குப் பக்கத்தில் தம்பி இருப்பதில் என்ன தப்பு என்று அவர் விட்டுவிட்டார். அங்கேதான் தவறிவிட்டார்.

ஏனென்றால் காஞ்சிபுரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சங்கடம் ரகசியமாக இருக்கிறது. கரையான் அரித்த வெங்கடாசலபதி, கண்ணாடி உடைந்த லட்சுமி, கை போன கொலுப் பொம்மை, சாயம் போன காலண்டர் சரஸ்வதி. பின்னப்பட்ட சாமியை வீட்டில் வைக்கக் கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைத்தால், இப்போது அங்கேயும் பலகை இருக்கிறது: 'பழைய சாமி படங்களை இங்கே வைக்காதீர்'. சாமியைக் கோயிலே வாங்கிக்கொள்ளவில்லை என்றால் வேறு யார் வாங்குவார்கள்? பரணில் வைத்துக்கொண்டு ஊரே காத்திருந்தது. அப்படிப்பட்ட ஊரில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சுவரில், பூசாரியும் பலகையும் இல்லாத ஒரு பிள்ளையாரைப் பதித்து வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சம்பந்தம் யோசித்திருக்கலாம். ஆனால் அவருடைய வீட்டுப் பரணிலும் ஒரு பழனி ஆண்டவர் இருந்தார். முருகன் வந்த மறுநாள் அவரைக் கொண்டுவந்து தம்பி பக்கத்தில் வைத்ததே சம்பந்தம்தான்.

பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே படத்தை வைத்து, கன்னத்தில் போட்டுக்கொள்ள இடம் இல்லாமல் ஹெல்மெட்டிலேயே போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு நாள் ஆட்டோவில் ஒரு குடும்பமே வந்து ஆளுயர ராமர் பட்டாபிஷேகத்தை இறக்கியது. சம்பந்தம் ஓடிவந்தார்.

"இன்னாமா இது? இங்க வந்து குப்பைய கொட்டறீங்க?"

இறக்கிய அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "வாயக் கழுவுங்கபா. சாமியப் போயி குப்பைன்றீங்க? பெரிய மனுஷன் பேசற பேச்சா?"

"அப்ப உங்க ஊட்லயே வெச்சிக்கோங்க."

"கண்ணாடி உடைஞ்சிட்டுது. ஊட்டுல வெக்கலாமா? உங்களுக்கு இதுகூடவா தெரியாது?"

சம்பந்தத்துக்கு அது தெரியும். வாசலில் நின்ற குழலி சிரித்தாள்.

"நீங்க வெச்சதுதான மொத சாமி. ஒண்டியா இருக்காரேன்னு ஊரே தொணைக்கு அனுப்புது."

பங்குனி நெருங்கியது. பாவு தயாராக இருந்தது. அரக்குக்குப் பச்சைக் கரை. தூண் கண்ணுக்குத் தெரியவில்லை. தூணடியிலிருந்து சுவர் நெடுக, அதற்கப்புறம் தெருவுக்குள்ளும், சாமிகள் நின்றார்கள், சாய்ந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். குப்பை கிடந்தபோதாவது பாவு நீட்டும் காலையில் கூட்டித் தள்ளிவிட்டுத் தரையைக் கழுவிக்கொள்ளலாம். சாமியைக் கூட்டித் தள்ளுகிறவன் யார்? அம்பாளுக்குப் புடவை நெய்ய முடியாதபடி முப்பத்து முக்கோடி தேவர்களும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது கலியுகத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். உமாபதி தினமும் சாயந்திரம் அந்தப் பக்கம் நடந்துவந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நல்ல களை இருக்குதுபா இந்த இடத்துல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சம்பந்தம் பிரேம்நாத்தைப் பிடித்தார். அவர் செல்போனைத் திறந்து காட்டினார்.

"ஆப்ல மூணு ஆப்ஷன்தான் சார் இருக்குது. ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயகரமான குப்பை."

"சாமி எதுல வருவாரு?"

"உலர்னு போட்டா யாராச்சும் சண்டைக்கு வருவாங்க. அபாயகரமானதுன்னு போட்டா என்னைத் தூக்கிடுவாங்க சார்."

"அப்ப நாலாவதா ஒண்ணு சேத்துடுங்க."

"அது டெல்லில சேக்கணும் சார்."

அந்த நாட்களில் சம்பந்தம் எழுதிய மனு ஒன்று மாநகராட்சியில் இன்றும் பேசப்படுகிறது. தன் வீட்டெதிரில் ஒரு குப்பைத் தொட்டி வைக்கும்படி அதில் கேட்டிருந்தார். அவர் கணக்கு சரியான கணக்குதான்: தொட்டி இருக்கும் இடத்தில் எவனும் சாமியை வைக்க மாட்டான். சாமியைக் காட்டிக் குப்பையை விரட்டியவர், இப்போது குப்பையைக் காட்டிச் சாமியை விரட்டப் பார்த்தார். மனுவை வாங்கிய எழுத்தர் பழைய ஆள். பெயரைப் பார்த்தார், சம்பந்தத்தைப் பார்த்தார், மறுபடி பெயரைப் பார்த்தார்.

"தொட்டி வேணும்னா கேக்கறீங்க? நீங்களா?"

"ஆமா சார்."

"உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

இம்மாநகராட்சி குப்பைத் தொட்டி இல்லா மாநகராட்சியாக அறிவிக்கப்பட்டுவிட்டபடியால் கோரிக்கையை ஏற்க இயலாது என்று பதில் வந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவருடைய மனுவுக்கு உடனே பதில் வந்திருந்தது. ஜெயித்த மனிதனுக்குத் தன் வெற்றியிலிருந்து தப்பிக்க வழியில்லை என்பது அன்று அவருக்குப் புரிந்தது.

மிச்சம் இருந்தது வடிவு. பேட்டரி வண்டியை ஓட்டுவதும் அவர்தான்; காலையில் அதோடு தெருமுனைக்கு வந்தபோது சம்பந்தம் போய் நின்றார்.

"வடிவும்மா, ஒரு உதவி. இந்த சாமிங்கள எடுத்துக்கினு போயிடு. அம்பாள் பாவு நீட்டணும், நாளு இல்ல."

"நானா?" வடிவு வண்டியை நிறுத்தினார். "எங்க மாமியாரு இந்தத் தெருவுல முன்பக்கமா நடந்ததே இல்லண்ணா. தண்ணி கேட்டா ஒசரத் தூக்கி ஊத்துவாங்க. தொட்டுட்டா தீட்டு. இப்ப சாமிய மட்டும் நான் தொடணுமா?"

"அது அந்தக் காலம்மா. இப்ப யாரு பாக்கறாங்க?"

"எல்லாம் போன்ல பாக்கறாங்க. நான் சர்ச்சுக்குப் போறவ. வேதக்காரி சாமிய குப்பை வண்டில ஏத்தினான்னு எவனாச்சும் வீடியோ போட்டா, நீங்க வந்து சொல்லுவீங்களா, நான்தாம்பா ஏத்தச் சொன்னேன்னு?"

சொல்ல மாட்டார் என்பது சம்பந்தத்துக்கே தெரிந்திருந்தது. வடிவுக்கு அது முன்பே தெரியும்.

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னால எடுத்துடலாமா? யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் சம்பந்தம் மெதுவாக.

"அப்டி எடுத்தா திருட்டுன்னுவாங்க. எல்லாரும் பாக்கறப்ப எடுங்க. உங்க கையால ஏத்துங்க. வண்டிக்கு முன்னால நீங்க நடங்க. நான் ஓட்டறேன், அது என் வேலை. சரின்னா சொல்லுங்க, வண்டியக் கழுவிக்கினு வரேன்."

குப்பை வண்டிக்கு முன்னால், பட்டப்பகலில், தெருவே பார்க்க நடப்பது. சம்பந்தம் ஒரு நாள் முழுக்க யோசித்தார். ஒரு பக்கம் அவருடைய மரியாதை. மறுபக்கம் உமாபதி நெய்யப்போகும் புடவை. இரண்டையும் தூக்கிப் பார்த்தார். உமாபதிதான் கனமாக இருந்தார்.

வடிவு சொன்னபடியே வண்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார். சம்பந்தமும் குழலியும் ஒவ்வொரு படமாகத் துடைத்து ஏற்றினார்கள். பிரச்சினை வண்டி கிளம்பும்போது வந்தது. வண்டி ஓடினால் அதன் ஒலிபெருக்கியும் பாடும். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றுவிடும், அப்படித்தான் டெண்டரில் இருந்தது. குப்பையைத் தரம் பிரிப்போம் என்ற பாட்டு உரக்கக் கிளம்ப, பட்டாபிஷேக ராமர் முன்னால் உட்கார, பின்னால் ஏனைய தெய்வங்கள் நெருக்கியடித்து நிற்க, வண்டி மெல்ல நகர்ந்தது. சம்பந்தம் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தார்.

மூன்று வீடு தாண்டவில்லை. பாட்டுக் கேட்டுக் குப்பையோடு வெளியே வந்த ஒரு பெண், வண்டியில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டுக் குப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள். அடுத்த வீட்டில் கற்பூரத் தட்டோடு வந்தார்கள். இந்த ஊரில் முன்னால் ஒருவர் நடந்து பின்னால் சாமி வந்தால் ஜனங்களின் கை தானாக மேலே போய்விடும். வண்டியில் யார் சின்னம் போட்டிருக்கிறது என்றெல்லாம் பார்ப்பதில்லை. வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். வடிவு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் ஆரத்தி சுற்ற வேண்டியிருந்தது. வண்டியில் அவரை மட்டும் விட்டுச் சுற்ற முடியாது. ஒரு வயசான அம்மாள் நீட்டிய விபூதியை அவர், "வேணாம்மா, டூட்டில இருக்கேன்" என்று நாசூக்காக மறுத்தார்.

தெருக்கோடியில் உமாபதி பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் தனியாக முன்னால் நடந்து பேர் வாங்கிக்கொண்டு போவதைப் பொறுக்க அவரால் ஆகவில்லை. உள்ளே ஓடி, விநாயகர் சதுர்த்திக்கு எடுக்கும் சரிகைக் குடையைக் கொண்டுவந்து ராமர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா, சொல்லாம கொள்ளாம உற்சவம் பண்றே?"

"உற்சவம் இல்ல உமாபதி, குப்—" என்று ஆரம்பித்த சம்பந்தம் சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "குடைய நேராப் பிடி."

பிரேம்நாத் எங்கிருந்தோ பைக்கில் வந்து படம் எடுத்தார். 'தரம் பிரித்தல் குறித்த விழிப்புணர்வுப் பேரணி, திரளான பொதுமக்கள் பங்கேற்பு' என்று அது மேலே போயிற்று. அந்த மாதம் அவர் பேரில் பாராட்டு வந்ததாகக் கேள்வி. யாரும் பொய் சொல்லவில்லை. பேரணி நடந்தது, பொதுமக்கள் இருந்தார்கள்.

வண்டி போய்ச் சேர்ந்த இடம், குப்பையைப் பிரிக்கும் மாநகராட்சி உரக்கிடங்கு; அதன் வாசலோடு கூட்டம் திரும்பிவிட்டது, நாற்றம். உமாபதியும் குடையை மடக்கிக்கொண்டார். உள்ளே சம்பந்தமும் வடிவும் மட்டும். வடிவு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். படச் சட்டங்களைப் பிரித்தார், மரம் ஒரு பக்கம். கண்ணாடியைச் சாக்கில் போட்டார். தகரம், ஆணி, பிளாஸ்டிக் பூமாலை, சரிகைத் தாள், ஒவ்வொன்றும் அதனதன் குவியலுக்குப் போயிற்று. காகிதப் படங்களைச் சம்பந்தம் வாங்கி, வேப்பமரத்தடியில் தோண்டிய குழியில் வைத்து மண் தள்ளினார். வேலை முடிந்தபோது மரம் இருந்தது, கண்ணாடி இருந்தது, தகரம் இருந்தது. சாமி என்று தனியாக ஒரு குவியல் விழவில்லை. சம்பந்தம் குவியல்களை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னாண்ணா தேடறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

வடிவு கை கழுவக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். சம்பந்தம் வாங்கிக் கழுவிக்கொண்டார். குடிக்கவும் கேட்டார்; தாகம்தான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. வடிவு செம்பைத் தூக்கி, ஒரு கணம் யோசித்துவிட்டு, உயரத்திலிருந்து ஊற்றாமல் கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் காலை தூண் தெரிந்தது. குழலி தரையைக் கழுவிக் கோலம் போட்டாள். அரக்கும் பச்சையுமாகப் பாவு, சாக்கடை மூடியிலிருந்து தூண் வரைக்கும், வெயிலில் இழுத்துக் கட்டி நின்றது. நீல வாளியில் கஞ்சி. தெருவே வந்து கை கொடுத்தது. பேட்டரி வண்டி தெருமுனையில் பாட்டை நிறுத்திக்கொண்டு காத்திருந்தது. சுவரில் பிள்ளையார் மட்டும் டைல்ஸில் இருந்தார். அவரைப் பெயர்க்கச் சம்பந்தத்துக்கு மனசு வரவில்லை.

கஞ்சி தடவிப் பாதி நீவியிருப்பார்கள். உமாபதி தெருவோரமாக வந்தார். கையில் ஒரு பை, பைக்குள் சதுரமாக ஏதோ ஒன்று, துணி சுற்றியிருந்தது. பாவைப் பார்த்ததும் நின்றார். தாண்டக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். வழக்கம் தெரிந்த மனிதர்.

"இன்னா உமாபதி, பையில?" என்றார் சம்பந்தம், கையை எடுக்காமல்.

"ஒண்ணும் இல்லபா." உமாபதி பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோரம் நிழலாகப் பார்த்து நின்றுகொண்டார். "அவசரம் இல்ல. நீ பாவ எடுத்ததும் சொல்லு."